கடுவையாற்று வாயில் ஒரு பட்டினம்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களில் நிறையப் பேர் நாகைக்கு வந்திருப்பீர்கள். ஆனால் நாகையில் இறங்கியிருப்பீர்களா? வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். நாகூர் கந்தூரிக்குப் போகும்போது தாண்டியிருப்பீர்கள். இறங்கியவர்களும் நேரே கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்துவிட்டுச் சுண்டலோடு திரும்பியிருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை வரும்போது, கடலுக்குப் போவதற்கு முன்னால் ஆற்றங்கரைக்கு வாருங்கள். இந்த ஊரைத் துறைமுகமாக்கியது அந்த ஆறு.

கடுவையாறு என்று பெயர். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, கிளை பிரிந்து, கிளைக்குள் கிளை பிரிந்து, எத்தனையோ மதகு கடந்து கடைமடைக்கு வருகிறதே, அந்தக் கடைசித் தண்ணீரும் வயல் வடிகாலும் சேர்ந்து எங்கள் ஊருக்குத் தெற்கே கடலில் விழுகிறது. கடைமடை விவசாயிக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். துறைமுகத்துக்கும் அது அருமையான தண்ணீர்தான்.

ஏன் என்று கேளுங்கள். நம் கடற்கரை நெடுக மணல். குடாவும் இல்லை, பாறையும் இல்லை. பெரிய கப்பல் கரைக்கு வந்தால் தரை தட்டிவிடும். அதனால் கப்பல் கடலிலேயே, கரையிலிருந்து தள்ளி, நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் படகுதான் போய் வர வேண்டும். அந்தப் படகு சரக்கை ஏற்றி இறக்க அலையில்லாத தண்ணீர் வேண்டும். அது ஆற்றுக்குள்தான் கிடைக்கும். கப்பல் கடலில், துறைமுகம் ஆற்றில். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஊர்ப்பெயர்களே சாட்சி சொல்கின்றன. ஆற்றுக்குத் தென்புறம் இருக்கிற பெரிய மீனவ ஊருக்கு அக்கரைப்பேட்டை என்று பெயர். இக்கரையில் நின்று கை நீட்டிக் காட்டியவர்கள் வைத்த பெயர் அது. மேற்கே திருவாரூரில் ஓடுகிற ஆற்றுக்குப் பெயர் என்ன? ஓடம்போக்கியாறு. ஓடம் போன ஆறு என்று பெயரிலேயே இருக்கிறது. இன்றைக்கு அதில் ஆகாயத்தாமரை போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, படகு என்று சொன்னேன் அல்லவா. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணமாகிப் பினாங்குக்குப் போகிறாள். ரஜூலா கப்பல். ரஜூலா என்ற பெயரைக் கேட்டால் டெல்டாவில் என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். 1926-ல் கட்டிய கப்பல். சென்னையில் புறப்பட்டு, நாகையைத் தொட்டு, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரைக்கும் போய்வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் கப்பலேறாத குடும்பம் குறைவு.

முதல் நாள் இரவு அப்பா டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் அத்தை பெயரை எழுதி, அதற்குக் கீழே பெரிதாகப் பினாங்கு என்று எழுதினார். காலையில் ஆற்றங்கரைக்குப் போய் இறங்கும்போது பார்த்தால் பெயின்ட் சரியாகக் காயவில்லை. அத்தையின் அரக்குப் புடவை முந்தானையில் பினாங்கு தலைகீழாக ஒட்டியிருந்தது. பாட்டி தன் சேலையால் தேய்த்தாள், போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். படகு புறப்படப் போகிறது என்று சத்தம் கொடுக்கிறார்கள், பாட்டி முந்தானையை விடவில்லை. அத்தைதான் மெல்ல அவள் விரலைப் பிரித்துவிட்டுப் பலகையில் ஏறினாள். ஒரு கையில் மோர்மிளகாய் போட்ட டின், இன்னொரு கையில் தூக்குவாளி.

கரை முழுக்க வெங்காய மூட்டை வாசனை. ஆற்றுக்குள் இருக்கிற வரைக்கும் படகு தொட்டில் மாதிரிதான் போனது. முகத்துவாரம் வந்ததும், ஆறும் கடலும் முட்டிக்கொள்கிற அந்த இடத்தில், படகு அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பயம். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்: "பெருசு மூணும் போவட்டும் தம்பி, அப்பறம் பாரு." நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது அலை உடைந்ததும் ஒரே தள்ளு. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, இறங்கியது, அந்தப் பக்கம் போய்விட்டது. தூரத்தில் ரஜூலா தீப்பெட்டி அளவில் நின்றது. அரக்கு நிறப் புள்ளி ஒன்று அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. புகை மறைகிற வரைக்கும் பாட்டி வீட்டுக்கு வரவில்லை.

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அத்தை போன பினாங்குத் தீவுக்குப் பக்கத்துக் கரைதான் மலேசியாவின் கெடா. நம் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கடாரம் என்று சொல்கிற இடம். கடாரத்திலிருந்து முப்பது நாள் மேற்கே வந்தால் நாகப்பட்டினம் என்று 7-ஆம் நூற்றாண்டில் இத்சிங் என்ற சீனத் துறவி எழுதிவைத்திருக்கிறார். என் அத்தை போனது ஆயிரத்து முந்நூறு வருடத்துப் பழைய தடம்.

அந்தத் தடத்தில் வந்ததுதான் சூடாமணி விகாரம். கடாரத்தையும் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பனார் பெயரில் நாகையில் எழுப்பிய புத்த விகாரம். அதற்கு இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். 8,943 கலம் நெல்லும் அதற்கு மேல் சொச்சமும். எண்ணிப் பாருங்கள். பெரிய கோயிலை எழுப்பிய சிவபக்தன், கடல் தாண்டி வந்த வேற்றுநாட்டு அரசன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு நம் வயலின் நெல்லைக் கொடுக்கிறான். எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்கவிட்டு, அது நடந்த வழியை எல்லையாக வைத்தார்கள். பிடி சூழ்தல் என்பது அதுதான். ஆனைமங்கலம் இன்றும் இருக்கிறது, நெல்லும் விளைகிறது.

இந்தக் கொடை 21 செப்பேடுகளில் வெட்டப்பட்டது. ஒரு வளையத்தில் கோத்து, மகன் இராசேந்திரனின் முத்திரை போட்டிருக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் அவை நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. லெய்டன் செப்பேடுகள் என்று பெயரானது அதனால்தான். நான் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றுதான் சொல்வேன்.

1025-ல் இராசேந்திரனின் கப்பற்படை அதே கடாரத்தின் மேல் போனது. அத்தோடு விகாரமும் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். போகவில்லை. 1090-ல் குலோத்துங்கனிடம் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்டு, விகாரத்து ஊர்களுக்கு வரிநீக்கம் வாங்கிப் போயிருக்கிறார்கள். சண்டை வந்தது, போனது. படகு நிற்கவில்லை.

ஊருக்கு வடக்கே மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள், சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். கடலில் வருகிற மாலுமிக்கு அதுதான் அடையாளம். 1846-ல் சென்னை மாகாண அதிகாரி சர் வால்டர் எலியட் வந்து பார்த்தபோதும் நின்றது. 1867-ல் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பழைய இலுப்பை மரத்தை எடுத்தபோது வேருக்கடியில் புத்தர் சிலைகள் கிடைத்தன. அடுத்தடுத்த வருடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்தால் 300-க்கும் மேல்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. முப்பது வயதில், எழும்பூர் அருங்காட்சியகத்தில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெண்கலப் புத்தரைப் பார்த்தேன். தலையுச்சியில் சின்னச் சுடர் ஒன்று எழுந்து நிற்கிறது. கீழே சீட்டில் நாகப்பட்டினம் என்று எழுதியிருந்தது. என் ஊர்ப் பெயரை அப்படி நான் படித்ததே இல்லை. பெட்டியின் மேல் பினாங்கு என்று எழுதிய அப்பாவின் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மூன்று விரல் காட்டுகிறார். மூன்று நிமிடம்தான் இருக்கிறதாம். டச்சுக்காரர்களுக்கு ஒரு பக்கம் எழுதி வந்தேன். அதைச் சுருக்கிவிடுகிறேன். போர்த்துகீசியரிடமிருந்து 1658-ல் ஊரைப் பிடித்தார்கள், 1781-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். 1861-ல் ரயில் வந்தது. தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று நாகையில்தான் தொடங்கியது. ரயில் பட்டறையும் இங்கேதான் இருந்தது. 1920-களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோனபோது ஊரின் பாதிச் சோறு கூடவே போனது.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். காயாரோகணர் கோயில், நீலாயதாட்சி அம்மன். நாகையில் பிறந்த மீனவர் அதிபத்த நாயனார். வலையில் விழுகிற முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஆவணி ஆயில்யத்தில் அவருக்குத் தங்கமீன் விழா நடக்கும், மீனவ மக்கள் சீர் கொண்டு வருவார்கள், அன்றைக்கு வாருங்கள். சௌந்தரராஜப் பெருமாள் கோயில். நாகூர் தர்கா; அங்கே வெட்டாற்று முகத்துவாரம், அதுவும் ஆறுதான். பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தது. புதுவெளிக் கோபுரம் போன பிறகும் கடலோடிக்கு அந்த மினாரா இருக்கிறது. தர்காவிலிருந்து வெளியே வந்ததும் இறால் வைத்த ‘வாடா’ என்கிற பலகாரம் சாப்பிடாமல் பஸ் ஏறாதீர்கள்.

2004 டிசம்பர் 26. அதைச் சொல்லாமல் போக முடியாது. மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம். கட்டி வைத்திருந்த படகுகளைத் தூக்கி வந்து கடல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தது. அந்த ஆற்றங்கரையில்தான் சில மாதத்தில் மறுபடியும் படகு கட்டினார்கள்.

ஒரு நல்ல சேதி. ஆற்று வாயைத் தூர்வாரி ஆழப்படுத்தி, 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். இடையில் நின்றது, 2024 ஆகஸ்டில் திரும்பவும் தொடங்கினார்கள். சின்னக் கப்பல்தான். ஆனால் இந்தக் கப்பலுக்குப் படகில் போய் ஏற வேண்டாம், ஆற்றுக்குள்ளிருந்தே புறப்படுகிறது. நான் போய்ப் பார்த்தேன். வழியனுப்ப வந்த ஒரு அம்மாள் கப்பல் முகத்துவாரம் தாண்டுகிற வரைக்கும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அக்கரைப்பேட்டைப் பக்கம் வந்து நில்லுங்கள், விசைப்படகுகள் திரும்புகிற நேரம். முகத்துவாரத்தில் ஒரு கணம் நின்று…

நேரம் ஆகிவிட்டது என்கிறார் தம்பி. வணக்கம்.