நிலவின் கிண்ணக்குழிகளும் அவற்றுக்குப் பெயர் வந்த வரலாறும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நிலவின் கிண்ணக்குழிகளைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் அகலத்தையும் ஆழத்தையும் விரிவாகச் சொல்லி, பெயரை மட்டும் போகிற போக்கில் குறிப்பிட்டுவிடுவார்கள். நான் இன்று பெயரிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய அறிஞருக்குப் பெரிய குழி, சிறிய அறிஞருக்குச் சிறிய குழி என்று நிலவில் யாரும் அளந்து கொடுக்கவில்லை. எந்தக் காலத்தில், யார் கையில் வரைபடம் இருந்தது என்பதே யாருக்கு எது கிடைத்தது என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

தொலைநோக்கி வந்த சில பத்தாண்டுகளில் பலர் நிலவுக்குப் பெயர் சூட்ட முனைந்தார்கள். 1645-இல் லாங்ரெனஸ் என்ற வானியலாளர் வெளியிட்ட வரைபடத்தில் மன்னர்களும் இளவரசர்களும் நிறைந்திருந்தார்கள். தமக்கும் ஓர் அழகான குழியை அவர் ஒதுக்கிக்கொண்டார். மன்னர்களின் பெயர்களை இன்று தேட வேண்டியிருக்கிறது. லாங்ரெனஸ் மட்டும் வளமைக் கடலின் (நிலவில் கடல் என்பது நீரில்லாத இருண்ட சமவெளிதான்) கிழக்குக் கரையில், 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தோடு, அதே இடத்தில் இருக்கிறார். இரண்டாண்டுகள் கழித்து ஹெவீலியஸ் என்ற வானியலாளர் பூமியின் மலைகளையும் கடல்களையும் நிலவில் குடியேற்றினார். அவற்றிலும் சில மலைத்தொடர்ப் பெயர்களைத் தவிர மிஞ்சியது குறைவு.

நிலைத்து நின்றது 1651-இல் இத்தாலிய இயேசு சபைத் துறவி ரிச்சோலி வகுத்த முறையே. வரைபடத்தை வரைந்தவர் அவருடைய சபைத் தோழர் கிரிமால்டி. குழிகளுக்கு வானியலாளர்கள், மெய்யியலாளர்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டுவது என்ற வழக்கம் அவர்களிடமிருந்துதான் நமக்கு வந்தது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையைத் திருச்சபை தடை செய்திருந்த காலம் அது. ரிச்சோலி ஏற்றுக்கொண்டது, டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே சொன்ன, பூமியை நடுவில் வைத்த அமைப்பைச் சற்றே மாற்றிய ஒரு வடிவத்தை. ஆகவே முழுநிலவன்று மற்றெல்லாக் குழிகளையும் மங்கச் செய்து ஒளிரும் தென்புறக் குழியை டைக்கோவுக்குக் கொடுத்தார். கோப்பர்நிக்கஸையும் அவர் கொள்கையை ஏற்ற கெப்ளரையும் புயற் பெருங்கடல் என்ற பெரிய இருண்ட சமவெளியின் பக்கம் அனுப்பினார். இதைத் தண்டனை என்பாரும் உண்டு. ஆனால் கோப்பர்நிக்கஸுக்கு அவர் கொடுத்த குழி, ஏறத்தாழ 93 கிலோமீட்டர் அகலமும் படிக்கட்டுப் போன்ற உட்சுவர்களும் கொண்டு, இருண்ட சமவெளியில் தனித்து ஒளிர்வது. சிறிய தொலைநோக்கியில் பார்ப்பவர்கூட அதைத் தவறவிட மாட்டார். அதே பெருங்கடலின் மேற்குக் கரையோரத்தில் ரிச்சோலியும் கிரிமால்டியும் தமக்கான குழிகளை அமைத்துக்கொண்டார்கள். வாயால் மறுத்த கொள்கைக்கு வரைபடத்தில் மரியாதை செய்தாரா என்று ஐயுறுவதற்கு இடம் இருக்கிறது.

கலிலியோவின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. ரிச்சோலி அவர் பெயரைப் புயற் பெருங்கடலில் உள்ள ஒரு வெண்ணிறத் திட்டுக்குச் சூட்டியிருந்தார். அது குழியே அன்று என்பதைக் கண்ட ஜெர்மானியர் மேட்லர், 1837-இல் அந்தப் பெயரை எடுத்து அருகிலிருந்த ஒரு சாதாரணக் குழிக்கு மாற்றினார். நிலவின் மலைகளைத் தொலைநோக்கியில் கண்டு அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டவருக்கு இன்று நிலவில் இருப்பது சுமார் 16 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு குழி. பறிபோன அந்தத் திட்டோ, ரெய்னர் காமா என்ற பெயரில், காந்தப்புலத்தோடு தொடர்புடைய விந்தையாக இன்று ஆய்வாளர்களை ஈர்த்துக்கொண்டிருக்கிறது.

பின்னால் பிறந்தவர்களுக்கு எஞ்சியதுதான் கிடைத்தது. நியூட்டனின் குழி மிக ஆழமானது. ஆனால் தென் விளிம்பை ஒட்டி இருப்பதால் பூமியிலிருந்து பார்ப்பவருக்குச் சாய்ந்த கோடாகவே தெரிகிறது. ஐன்ஸ்டைனின் குழி மேற்கு விளிம்பில் உள்ளது. நிலவு தன் அசைவில் அந்தப் பக்கத்தைச் சற்றே திருப்பிக் காட்டும் நாட்களில் மட்டும் அதைக் காணலாம்.

பெயர் சூட்டியவர்கள் எவருக்கும் தாம் பெயரிட்டவை எப்படித் தோன்றின என்பது தெரியாது. 1665-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் குழைந்த களிமண்ணில் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். நிலவில் காண்பது போன்ற குழிகள் விழுந்தன. ஆயினும் வெறும் வெளியில் மோதுவதற்கு என்ன இருக்கிறது என்று கருதி, எரிமலை விளக்கத்தின் பக்கமே சாய்ந்தார். சிறுகோள் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படாத காலம் என்பதை மனத்தில் கொண்டால் அவர் முடிவைக் குறை கூற முடியாது. 1893-இல் அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் மோதல்தான் காரணம் என்று வாதிட்டபோதும் ஒரு முடிச்சு அவிழவில்லை: சாய்வாக விழும் பொருள் நீள்வட்டக் குழியைத்தானே உண்டாக்க வேண்டும், நிலவில் ஏன் எல்லாம் வட்டமாக இருக்கின்றன? விடை வேகத்தில் இருந்தது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் கல் தரையைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, அங்கேயே வெடிக்கிறது. வெடிப்பின் அதிர்ச்சி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதால், மிகத் தாழ்வான கோணத்தில் வந்தால் ஒழிய, குழி வட்டமாகவே அமைகிறது.

டைக்கோவை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். சுமார் 85 கிலோமீட்டர் அகலம். நடுவே தரையிலிருந்து 2 கிலோமீட்டர் உயரும் சிகரம். மோதலில் அழுந்திய பாறை மீண்டெழுந்து உறைந்ததால் வந்த சிகரம் அது. அதன் உச்சியில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள ஒரு பாறை தனியே கிடப்பதைச் நிலவைச் சுற்றிவரும் விண்கலம் எடுத்த படங்கள் காட்டுகின்றன. குழியிலிருந்து தெறித்த பொருள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் வெண்கீற்றுகளாகப் படிந்திருக்கிறது. 1972-இல் அப்பல்லோ 17 இறங்கிய இடத்தில் ஒரு நிலச்சரிவை அந்தத் தெறிப்பே உண்டாக்கியிருக்கலாம் என்று கருதி, அங்கு எடுத்த மாதிரிகளைக் கொண்டு டைக்கோவின் வயதை ஏறத்தாழ 10.8 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நிலவின் கணக்கில் இது நேற்றைய குழி. கீற்றுகள் மங்காததற்கும் அதுவே காரணம்.

மீண்டும் பெயர்களுக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஒரே குழிக்கு வெவ்வேறு வரைபடங்களில் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. இந்தக் குழப்பத்தை உட்கார்ந்து தீர்த்தவர் மேரி பிளாக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அவரும் கார்ல் மியூல்லரும் தொகுத்த பட்டியல் 1935-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஏற்போடு வெளிவந்தது. அத்தனை பெயர்களையும் ஒழுங்குபடுத்தியவருக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலக் குழி ஒன்று கிடைத்தது. நிலவில் பெண்களின் பெயர்கள் மிகக் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

1959-இல் சோவியத் விண்கலம் லூனா 3, பூமியிலிருந்து தெரியாத மறைபக்கத்தைப் படம் பிடித்தபின் பெயரில்லாக் குழிகள் திடீரெனப் பெருகின. 1970-இல் ஒன்றியம் நூற்றுக்கணக்கானவற்றுக்கு ஒரே முறையில் பெயர் சூட்டியது. ஜகதீஷ் சந்திர போஸும் ஹோமி பாபாவும் அந்தப் பக்கத்தில் அண்டை வீட்டார். சர் சி. வி. ராமனின் குழியும் விக்ரம் சாராபாயின் குழியும் இந்தப் பக்கத்தில் உள்ளன. முன்பு அவை ஹெரோடோட்டஸ் டி, பெஸ்ஸல் ஏ என்று, அருகிலுள்ள பெரிய குழியின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தே அழைக்கப்பட்டன. இப்படி எழுத்தால் மட்டும் அறியப்படும் குழிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இறந்து மூன்றாண்டுகளாவது ஆனவருக்கே பெயர் என்பது இன்றைய விதி. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகியோர் வாழும்போதே பெற்றது விதிவிலக்கு. கொடுத்த பெயரைத் திரும்பப் பெறவும் முடியும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர்களான பிலிப் லெனார்டும் யோகான்னஸ் ஸ்டார்க்கும் நாஜிகளுக்குத் துணைநின்று, ஐன்ஸ்டைனையும் யூத அறிவியலாளர்களையும் வெளிப்படையாக இழித்துரைத்தவர்கள். அவர்கள் பெயரில் இருந்த இரு குழிகளின் பெயர்களை ஒன்றியம் 2020-இல் நீக்கியது. தாமதமான முடிவுதான், ஆனால் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். அதற்கு அடுத்த ஆண்டு, தென்முனைக்கு அருகிலுள்ள ஒரு குழி, வடமுனைப் பயணங்களில் பெரும்பங்காற்றிய கறுப்பின ஆய்வுப் பயணி மேத்யூ ஹென்சனின் பெயரைப் பெற்றது.