வவுச்சர் பள்ளி வாசல் வரைதான்

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். பள்ளி வவுச்சரால் மாணவருக்குப் பயனா என்பது இன்றைய தலைப்பு. பயனில்லை என்பது என் கட்சி.

"அரசுப் பள்ளிக்குச் செலவழிக்கும் பணத்தைப் பிள்ளை கையில் வவுச்சராக, அதாவது பள்ளிக் கட்டணச் சீட்டாக, கொடுங்கள். பிடித்த பள்ளிக்குப் போகட்டும். போட்டி வந்தால் பள்ளிகள் தானாகத் திருந்தும்" என்றார் எதிரணி நண்பர். ஆந்திராவில் நடந்த ஆய்வையும் சாட்சிக்கு அழைத்தார். அந்தச் சாட்சியை நானும் விசாரிக்கிறேன்.

2008இல் தொடங்கியது. 180 கிராமங்கள். விண்ணப்பித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் போட்டு, பெயர் விழுந்தவர்களுக்குக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நான்கு ஆண்டு கழித்து அளந்து பார்த்தார்கள். தெலுங்கில்? குலுக்கலில் பெயர் விழாத பிள்ளைகளுக்குச் சமம். கணக்கில்? அதுவும் சமம். இந்தியில் மட்டும் முன்னே போனார்கள். மறுக்கவில்லை. தனியார் பள்ளியில் இந்தி பாடம் நடந்தது, அதனால் வந்தது. நடத்தினால் எந்தப் பள்ளியிலும் வரும்!

"அதே மதிப்பெண், மூன்றில் ஒரு பங்கு செலவு, இது லாபமில்லையா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். யாருக்கு ஐயா லாபம்? இன்றைய தலைப்பு மாணவருக்குப் பயனா என்பது, கஜானாவுக்குப் பயனா என்பதல்ல. அந்தச் செலவு எப்படிக் குறைந்தது தெரியுமா? அங்கே தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளம், அரசு ஆசிரியர் வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். அந்த வயிற்றில் மிச்சம் பிடித்த காசு அது.

நாடு முழுக்க வவுச்சரைச் செய்துபார்த்த தேசம் ஒன்று, தென் அமெரிக்காவின் சிலி. 1981இல், ராணுவ ஆட்சியாளர் பினோசே காலத்தில். பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பணம். நடந்தது என்ன? பள்ளிகள் நுழைவுத்தேர்வு வைத்தன, பெற்றோரை நேர்காணல் செய்தன, மேல்கட்டணம் வாங்கின. தேர்ந்தெடுத்தது பிள்ளை அல்ல, பள்ளி! 2006இல் சீருடையோடு மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். அரசுப் பணம் வாங்கும் பள்ளி லாபம் பார்க்கக் கூடாது, பிள்ளைகளை வடிகட்டக் கூடாது என்று சட்டம் வர 2015 ஆனது.

நம் ஊருக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம், கட்டணத்தை அரசே பள்ளிக்குத் தருகிறது. இதுவும் வவுச்சருக்குத் தம்பிதான். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவின் மகளுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தது. தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. நோட்டுப் புத்தகம், சீருடை, ஷூ, வேன் என்று வரிசையாகத் தொகை. பூக்கூடைக்குள் மடித்து வைத்திருந்தார். ஈரத்தில் மை கலங்கியிருந்தது. "இடம் குடுத்துட்டாங்க தம்பி, இத யாரு குடுப்பாங்க?" என்று கேட்டார்.

அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அரசுத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. அங்கே ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். நான் கேட்பது மூன்றாவது ஆசிரியரின் சம்பளம். அந்தப் பணத்தை அங்கே கொடுங்கள், நடுவர் அவர்களே.