புதிய ஏர் ரைபிளுக்கு ஏற்ற சுடுதளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

[திரையில்: மேசைமீது திறந்திருக்கும் பெட்டி, அதனுள் ஓர் ஏர் ரைபிள்]

வணக்கம். பொழுதுபோக்காகவோ விளையாட்டு ஆர்வத்தினாலோ முதன்முறையாக ஏர் ரைபிள் வாங்கியிருப்பவர்களுக்கான காணொளி இது. துப்பாக்கி கைக்கு வந்தவுடன், இதை எங்கே சுட்டுப் பழகுவது என்ற கேள்வி எழும். பெரும்பாலானோர் வீட்டுக்கு அருகில் எந்த ரேஞ்ச் இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் கையில் இருப்பது எந்த வகைத் துப்பாக்கி? இது தெளிவாகிவிட்டால் உங்களுக்குப் பொருந்தாத தளங்கள் தாமாகவே விலகிவிடும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177 அங்குலத்துக்கு மேற்படாமலும், குழல்முனை ஆற்றல், அதாவது குழலைவிட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றல், 20 ஜூலுக்கு உட்பட்டும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளது, அது காற்றால் இயங்கினாலும், இந்த விலக்குக்குள் வராது. ஆகவே பெட்டியின் மீதும் குழலின் மீதும் பொறிக்கப்பட்டிருக்கும் அளவைப் பாருங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முறையாக நடக்கும் எந்தத் தளமும் இந்த இரண்டையும் கேட்கும். கேட்காத தளத்தைப் பற்றி நீங்கள்தான் கேள்வி எழுப்ப வேண்டும்.

[திரையில்: ஸ்பிரிங் ரைபிளும் அழுத்தக் காற்று ரைபிளும் அருகருகே]

அடுத்தது ஆற்றல். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் போன்ற ஜெர்மானிய நிறுவனங்கள் செய்யும் போட்டி ரைபிள்கள் சுமார் அரை கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட்டை, அதாவது ஏர் ரைபிளின் சிறு குண்டை, நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செலுத்துகின்றன. அதன் ஆற்றல் ஏழரை ஜூல் அளவில்தான் இருக்கும். பொழுதுபோக்குக்காக விற்கப்படும் ஸ்பிரிங் ரைபிள்கள், அதாவது சுருள்வில்லின் விசையால் காற்றை அழுத்திச் சுடுபவை, பலவும் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றல் கொண்டவை. 18 ஜூல் ரைபிள் ஒன்று அதே பெல்லட்டை நொடிக்கு 260 மீட்டர் வேகத்தில் அனுப்பும். வாங்குபவருக்கு இது பெருமையாகத் தோன்றலாம். ஆனால் பத்து மீட்டர் தளத்தில் இந்தக் கூடுதல் வேகத்தால் பயன் ஒன்றுமில்லை. போட்டி ரைபிளின் ஆற்றலைக் கணக்கிட்டு அமைக்கப்பட்ட மின்னணு இலக்குகளும் இலக்குத் தாங்கிகளும் இதனால் பழுதடையக் கூடும் என்பதால், சில தளங்கள் ஆற்றல் மிகுந்த ரைபிள்களை அனுமதிப்பதில்லை. எனவே தொலைபேசியில் விசாரிக்கும்போது, ஏர் ரைபிள் சுடலாமா என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன மாடல், ஸ்பிரிங் வகை, இத்தனை ஜூல், இதை உங்கள் தளத்தில் சுடலாமா என்று கேளுங்கள்.

அழுத்தக் காற்று உருளை கொண்ட ரைபிளாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: காற்றை எங்கே நிரப்புவது? போட்டி ரைபிள்களின் உருளைகளில் பெரும்பாலானவை 200 பார் அழுத்தம் வரை நிரப்பத் தக்கவை. அந்த அழுத்தத்தைச் சைக்கிள் கடைக் கம்ப்ரசரால் தர முடியாது. தளத்திலேயே நிரப்பும் வசதி இருக்கிறதா, அவர்களுடைய இணைப்பான் உங்கள் உருளைக்குப் பொருந்துகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். உருளைக்கும் ஆயுட்காலம் உண்டு. தயாரிப்பாளர் குறித்திருக்கும் காலம் கடந்த உருளையைச் சர்வதேசப் போட்டிகளில் பயன்படுத்தக் கூடாது, பொழுதுபோக்குக்குச் சுடுபவரும் பயன்படுத்தக் கூடாது.

குறி பார்க்கும் கருவியும் தளத்தைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டுப் போட்டிகளில் ஓப்பன் சைட் (திறந்த பள்ளத்தின் வழியே குறி பார்ப்பது) பிரிவு, பீப் சைட் (சிறு துளையின் வழியே குறி பார்ப்பது) பிரிவு என இரண்டும் இருக்கின்றன. தொலைநோக்கிக்கு இவற்றில் இடமில்லை. பொழுதுபோக்கு ரைபிளில் தொலைநோக்கி பொருத்தியிருந்தால், பத்து மீட்டரில் இலக்கு தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தோட்டாத் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்ட பல தொலைநோக்கிகள் நூறு மீட்டரை ஒட்டிய தூரத்துக்கே குவியம் அமைக்கப்பட்டவை. பத்து மீட்டரில் படம் மங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்பிரிங் ரைபிள் பின்னோக்கி மட்டுமன்றி முன்னோக்கியும் உதைப்பது. அந்த இருபுற அதிர்வைத் தாங்கும்படி செய்யப்படாத தொலைநோக்கி விரைவில் உள்ளுக்குள் கழன்றுவிடும்.

[திரையில்: பத்து மீட்டர் தளத்தின் வரைபடம், சுடுவோர் நிற்கும் கோடு, இலக்கு, தடுப்புச் சுவர்]

இனித் தளத்துக்குள் நுழைவோம். சர்வதேச விதிகளின்படி பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய இடம், அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வெண்புள்ளி மட்டுமே. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இலக்கின் மீது விழும் ஒளி 1500 லக்ஸுக்குக் குறையக் கூடாது. பொழுதுபோக்குக்குச் சுடுபவருக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு என்று தோன்றலாம். தூரம் அரை மீட்டர் தவறினாலோ, ஒரு லேனில், அதாவது ஒருவர் சுடுவதற்கான தடத்தில், ஒளி அதிகமாகவும் அடுத்த லேனில் மங்கலாகவும் இருந்தாலோ, உங்கள் தவறு எது, தளத்தின் தவறு எது என்று பிரித்தறிய முடியாது. கற்றுக்கொள்பவருக்குத்தான் இந்தத் தெளிவு கூடுதலாகத் தேவை.

சுடுமிடத்தின் ஒளியும் பரப்பும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அபினவ் பிந்த்ராவின் தயாரிப்பே சான்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பத்து மீட்டர் ஏர் ரைபிளில், தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கப் பதக்கத்தை வென்ற அவருக்கு வீட்டிலேயே சொந்தச் சுடுதளம் இருந்தது. இருந்தும், பெய்ஜிங்கின் பெரிய அரங்குக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தார். இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரரும் அவரும் சமநிலையில் இருந்தார்கள். அந்தக் குண்டில் பிந்த்ரா எடுத்தது 10.8; இறுதிச் சுற்றில் ஒரு குண்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பெண் 10.9.

தளத்தின் பின்புறத் தடுப்பை அருகில் சென்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஈயப் பெல்லட் மென்மையானது. கடினமான பரப்பில் பட்டால் தட்டையாகி நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் செங்குத்தாக நிற்கும் எஃகுத் தகட்டில் பட்ட பெல்லட்டின் சிதறல் சுடுபவரை நோக்கியே திரும்பி வரக்கூடும். ஆகவே தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, பெல்லட்டைச் சேகரிக்கும் பெட்டி இருக்கிறதா, பக்கச் சுவர்களில் தெறித்த தழும்புகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். எஃகுக் குண்டுகளை அனுமதிக்கும் உள்ளரங்கத் தளத்தில் நான் சேர மாட்டேன். அவை ஈயத்தைப் போல நசுங்குவதில்லை, திரும்பி வரும் வேகமும் அதிகம். தட்டை முனைப் பெல்லட்டைக் கட்டாயமாக்கும் தளம் நல்ல தளம். அது காகித இலக்கில் வட்டமான, சுத்தமான துளையை இடும் என்பதால் மதிப்பெண் கணக்கிடவும் எளிது.

ஈயத் தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றோட்டம் இல்லாத, தரையைத் துடைப்பத்தால் வறட்சியாகப் பெருக்கும் தளத்தில் அந்தத் தூசி காற்றில் கலக்கிறது. கை கழுவக் குழாயும் சோப்பும் இருக்க வேண்டும்; சுடுமிடத்தில் தேநீரும் தின்பண்டமும் இருக்கக் கூடாது. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதைத் தளர்த்தவே கூடாது, ஏனெனில் ஈயம் வளரும் மூளைக்குச் செய்யும் கேடு நிரந்தரமானது.

[திரையில்: சுடும் கோட்டில் ரைபிள்கள், குழல்களில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடிகள்]

கட்டடத்தைவிட நான் கூடுதலாக மதிப்பது, அங்கே நிலவும் ஒழுங்கை. சேருவதற்கு முன் ஒரு முழுப் பயிற்சி நேரம் பின்னால் அமர்ந்து வேடிக்கை பாருங்கள். இதற்கு மறுப்புச் சொல்லும் தளத்தைவிட்டு வந்துவிடலாம். பார்க்கும்போது எவர் எத்தனை பத்து எடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டாம். சுடாத நேரத்தில் துப்பாக்கிகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சுடாமல் வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு ஏர் ரைபிளின் குழலிலும், அதன் முழு நீளத்துக்கும் செல்லும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கொடி செருகப்பட்டிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. குழலில் பெல்லட் இல்லை என்பதை எட்ட நிற்பவரும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ள அது உதவுகிறது. இலக்கை மாற்ற ஒருவர் கோட்டைத் தாண்டி முன்னே செல்லும்போது மற்ற அனைவரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறார்களா? ‘ஸ்டாப்’ என்ற கட்டளை வந்த கணத்தில் விசையிலிருந்து விரல் விலகுகிறதா? கட்டளையிடுபவர் கோட்டின் மீதே கண் வைத்திருக்கிறாரா, அல்லது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? பழைய உறுப்பினர் ஒருவர் விதியை மீறும்போது பயிற்றுநர் அவரைத் திருத்துகிறாரா என்பது எல்லாவற்றையும்விட முக்கியமானது. புதியவரை மட்டும் கண்டித்து, செல்வாக்குள்ளவரை விட்டுவிடும் தளம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் ஆபத்தானது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னை எழும்பூர், கோயம்புத்தூர், திருச்சி கே.கே. நகர், மதுரை ஆகிய இடங்களில் ரைபிள் கிளப்புகள் இயங்குகின்றன. 2022 ஜூலையில் மாநில அளவிலான போட்டி திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்தபோது நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டதால், அந்தத் தளத்தைப் பற்றிப் பலர் அறிந்திருப்பார்கள். இத்தகைய கிளப்புகள் பலவும் காவல்துறை வளாகங்களிலோ அவற்றை ஒட்டியோ அமைந்திருப்பதால் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே செல்ல முடியாது. துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டியே கொண்டுசெல்ல வேண்டும். உறுப்பினராகச் சேரவும் பரிந்துரை, காவல்துறைச் சரிபார்ப்பு போன்ற நடைமுறைகள் இருக்கலாம். இவை தவிர, பெருநகரங்களில் தனியார் பயிற்சி மையங்கள் பத்து மீட்டர் லேன்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகின்றன. சேர விரும்பும் மையம் தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கத்துடன் இணைந்ததா என்று கேளுங்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியவர் பின்னாளில் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குச் செல்ல விரும்பினால் அந்த இணைப்பு வேண்டியிருக்கும். 1951இல் தொடங்கப்பட்ட தேசிய ரைபிள் சங்கத்தின் கட்டமைப்பு மாநிலச் சங்கங்கள் வழியாகவே இயங்குகிறது; அச்சங்கத்தை நிறுவியவரும் மக்களவையின் முதல் தலைவருமான ஜி.வி. மாவலங்கரின் பெயரிலேயே அகில இந்தியப் போட்டி ஒன்று நடக்கிறது.

தூரத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து ஒரு சிறந்த தளத்துக்குப் போவதா, வாரம் மூன்று முறை அருகிலுள்ள எளிய தளத்துக்குப் போவதா என்று கேட்டால், இரண்டாவதும் பாதுகாப்பானது என்ற உறுதி இருக்கும்வரை, அதையே நான் பரிந்துரைப்பேன். நிற்கும் நிலையும் மூச்சும் விசையை அழுத்தும் விதமும் அடிக்கடி செய்தால்தான் உடலில் பதியும்.

எங்குமே இடம் கிடைக்கவில்லை என்பதற்காக மொட்டை மாடியையோ வயல்வெளியையோ நாடாதீர்கள். பெல்லட் சில நூறு மீட்டர் செல்லக்கூடியது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் யார் நடந்து வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. உரிமம் தேவைப்படாத ஏர் ரைபிளாக இருந்தாலும், மைனாவையோ கிளியையோ சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

.22 தோட்டா ரைபிளை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அதற்கு ஆயுத உரிமம் கட்டாயம். ஐம்பது மீட்டர் தளம் வேண்டும். அந்தத் தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் வரை பயணம் செய்யக்கூடியது என்பதால் மண்மேடும் மேல்தடுப்புகளும் கொண்ட தளம் தவிர வேறெங்கும் அதைச் சுட இயலாது. ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஐம்பது மீட்டர் போட்டி இந்த வகையைச் சேர்ந்தது. பத்து மீட்டரில் ஓராண்டாவது பழகிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

[திரையில்: காகித இலக்கில் ஐந்து துளைகளின் தொகுப்பு, மையத்திலிருந்து விலகி]

தளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், முதல் நாள் என்ன செய்வது? புதிய குழலில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். கம்பளித் துண்டுகளால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில குண்டுகள் எங்கே போகின்றன என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு ஒரே இலக்கில், குறி பார்க்கும் கருவியின் திருகைத் தொடாமல், ஐந்து குண்டுகள் சுடுங்கள். பத்து மீட்டரைக் கடக்கும் நேரத்தில் பெல்லட் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் கீழிறங்கும். அதை ஈடுசெய்யவே குறியைத் திருத்துகிறோம். ஒரு குண்டு விலகியதும் திருகைத் திருப்பினால் எந்தத் தவறைத் திருத்துகிறோம் என்றே தெரியாமல் போய்விடும். ஐந்தும் ஓரிடத்தில் குவிந்தால், அந்தக் குவியலின் நடுப்புள்ளியைக் கணக்கில் கொண்டு, அது எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கமே பின்புறக் குறியை நகர்த்துங்கள். ஐந்தும் சிதறினால் குறியைத் தொடாமல், இன்னொரு நிறுவனத்தின் பெல்லட்டைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துவரும் பெல்லட் வேறு.

கிடைத்த அமைப்பைத் தளத்தின் பெயர், லேன் எண், பெல்லட்டின் வகை ஆகியவற்றுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வேறு தளத்தில் ஒளி வேறாக இருக்கும் என்பதால், அங்கே சுடும் முதல் நாளில் இதே ஐந்து குண்டுச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.