ஒரு கோடு மூன்றான கதை

எல்லோருக்கும் வணக்கம். வெளிச்சத்துக்கு விழித்திரை காட்டும் மின்சார மாற்றத்தைப் பதிவு செய்யும் ஈ.ஆர்.ஜி என்ற கண் பரிசோதனையை உங்களில் சிலர் செய்துகொண்டிருக்கலாம். பாவை விரிய சொட்டு மருந்து விட்டு, இருட்டில் இருபது நிமிஷம் போல உட்காரவைப்பார்கள், அப்புறம் கருவிழியின்மேல் ஒரு மின்முனையை வைத்து பளிச்சென்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். திரையில் ஒரு கோடு முதலில் கொஞ்சம் கீழே இறங்கி, சட்டென்று மேலே ஏறி, மெல்லத் தணியும். ஒரு வோல்ட்டைப் பத்தாயிரம் பங்கு போட்டால் அதில் இரண்டு மூன்று பங்குதான் அந்த ஏற்றம். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ராக்னர் கிரானிட். 1900-இல் பின்லாந்தில் பிறந்தவர். முதலில் ஆசைப்பட்டது உளவியலுக்கு; மனம் பார்ப்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் உடம்பைப் படிக்க வேண்டும் என்றுதான் மருத்துவத்துக்குள் வந்தார். இந்தத் திசைமாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கண்ணை வெறும் கேமராவாக அவர் கடைசிவரை நினைக்கவே இல்லை.

வெளிச்சம் பட்டால் கண்ணில் மின்சாரம் மாறுகிறது என்பது அப்போதே பழைய செய்தி. 1865-லேயே சுவீடனில் ஹோல்ம்கிரென் தவளைக் கண்ணில் அதைக் கண்டுவிட்டார். இதயத்தின் ஈ.சி.ஜி-க்குப் பேர்போன எயின்தோவன், 1908-இல் ஜாலி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, இந்தக் கோடு மூன்று நிகழ்வுகளின் கூட்டாக இருக்கலாம் என்றார். ஆனால் கூட்டிய விடை மட்டும் கையில் இருந்தால், கூட்டப்பட்ட எண்கள் எவை என்று எப்படிச் சொல்வது?

ஆக்ஸ்போர்டில் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டனின் ஆய்வகத்தில் கிரானிட் கண்ட வழி ஈதர் என்ற மயக்க மருந்து. பூனையின் கண்ணில் கோட்டைப் பதிவு செய்துகொண்டே ஈதரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். மெதுவாக எழும் ஒரு பகுதி முதலில் காணாமல் போனது. அதற்கு பி-1 என்று பெயர் வைத்தார். இன்னும் கூட்டியதும் அந்தப் பெரிய ஏற்றம் போனது, அது பி-2. மிச்சம் நின்றது கீழ்நோக்கிய ஒரு பள்ளம் மட்டும்: பி-3. ஈதரை நிறுத்தினால் போனவை திரும்பி வந்தன! 1933-இல் இது வெளியானது. பி-2 மறையும்போது பார்வை நரம்பின் துடிப்பும் கூடவே மறைந்தது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். மூளைக்குச் செய்தி போவது அந்த ஏற்றத்தோடு கட்டுண்டிருக்கிறது.

சரி, பள்ளம் எதற்கு? தண்டுவடத்தில் ஒரு நரம்பு இன்னொன்றை அடக்கும் என்று காட்டியவர் ஷெரிங்டன், அவர் பக்கத்தில் இருந்தவர் கிரானிட். அதனால் விழித்திரையிலும் அடக்குதல் நடக்கிறது என்று வாதாடினார். சான்றும் கிடைத்தது. விளக்கை அணைத்ததும் தவளையின் பார்வை நரம்பு படபடவென்று துடிக்கும், அந்த நேரத்தில் மறுபடி விளக்கைப் போட்டால் துடிப்பு கப்சிப். வெளிச்சம் நரம்பைத் தூண்டத்தான் செய்யும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அதே வெளிச்சம் வாயை மூடவும் வைக்கும் என்பது சாதாரண செய்தியா?

1940-இல் போர்க்காலத்தில் ஸ்டாக்ஹோமுக்குப் போனார். நுண்மின்முனைகளை வைத்து நிறங்களை ஆராய்ந்தார், பிறகு தசைகளின் பக்கம் திரும்பினார். ஹார்ட்லைன், வால்ட் இருவரோடு 1967-இல் நோபல் பரிசு வந்தபோது, அவர் விழித்திரையை விட்டு வெகுதூரம் போயிருந்தார்.

பி-3 பற்றி அவர் சொன்னது முழுக்க அப்படியே நிற்கவில்லை. அந்தப் பள்ளத்தின் தொடக்கம் ஒளியை வாங்கும் செல்களிலிருந்தே வருகிறது. 1965-இல் ஜப்பானில் டொமிட்டா கெண்டை மீனின் கூம்பு செல்லுக்குள், அதாவது ஒளியை வாங்கும் செல்களில் ஒரு வகைக்குள், மின்முனையைச் செலுத்திப் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் செல்லுக்குள் மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாக இறங்கியது. இருட்டில்தான் அந்த செல்களுக்குள் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒளி அதைக் குறைக்கிறது. விளக்கம் மாறியது, ஆனால் அவர் போட்ட பிரிவுக்கோடுகள் மாறவில்லை.

இன்றைக்கும் ஒரு குழந்தைக்கு ராத்திரியில் பார்வை தெரியவில்லை என்று அழைத்து வருகிறார்கள், கருவியால் உள்ளே பார்த்தால் விழித்திரை நன்றாகவே தெரிகிறது. ஈ.ஆர்.ஜி எடுக்கிறார்கள். கோடு இறங்குகிறது, ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. ஒளியை வாங்கும் செல்கள் வேலை செய்கின்றன, தடங்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் என்று மருத்துவர் அந்தப் பெற்றோரிடம் சொல்ல முடிகிறது.