பீலிக்கு மேலே முதல் கன்று

நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் மரம் நடும் திட்டம் என்றதும் எத்தனை ஆயிரம் கன்று என்றுதான் கேட்கிறார்கள். எந்த இடத்தில், யாருடைய கண்ணெதிரில் என்பதை யாரும் கேட்பதில்லை. கன்று பிழைப்பது அதில்தான் இருக்கிறது.

மக்கள் மனம் ஒட்டிக்கிடக்கும் இடங்கள் தோட்டத்தின் எல்லா டிவிசனிலும் உண்டு: தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலி, மாடசாமி இருக்கும் மரத்தடி, காமன் கூத்து ஆடும் பொட்டல். சாமி மரத்தில் யாரும் விறகுக்குக் கத்தி வைக்கமாட்டார்கள். வேலி போடாமலே காவல் உள்ள இடம் அது. ஆகவே பீலியின் ஊற்றுக்கண்ணுக்கு மேலுள்ள சரிவிலும் சாமி மரத்தைச் சுற்றியும் தொடங்குங்கள். யாரும் போகாத மொட்டை மலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்ரிமீற்றர். மேல்மண்ணைத் தனியே வைத்து அதையே முதலில் உள்ளே போடவேண்டும். கன்றுக்குக் கன்று இரண்டரை மீற்றர் போதும். பொலித்தீன் பையில் வேர் சுருண்டிருந்தால் அடியைக் கத்தியால் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்று சில வருடம் தளதளவென்று நின்றுவிட்டு ஒரு காற்றில் சாயும். ஹட்டன் பக்கம் தென்மேல் மழை பிடித்ததும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஐப்பசி மழையோடும் நடவேண்டும். சுற்றாடல் தினத்துக்காக ஜூன் மாதம் அந்த ஊவாப் பக்கத்தில் நடுவது கன்றைக் காற்றிலும் வெயிலிலும் காயப்போடுவதுதான்.

காட்டு நாவல், கீன, வல்சப்பு போன்ற மலைக்காட்டு மரங்களின் விதையை அருகிலுள்ள காட்டோரத்தில், அனுமதி பெற்றே, பொறுக்குங்கள். ஊற்றருகே நிற்கும் டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரங்களை ஒரே நாளில் சாய்க்கவேண்டாம். அவற்றோடு வளர்ந்தவர்களுக்கு அதுவும் சொந்த இடந்தான்; வேர் பிடித்திருக்கும் மண்ணும் இளகும். மூன்று தடவையாக எடுத்து, அடிக்கட்டையில் வரும் துளிரைத் தவறாமல் ஒடித்துவிடலாம்.

நட்டபின் மூன்று வருடம், வருடத்துக்கு நாலு முறை, கன்றைச் சுற்றி ஒரு மீற்றருக்கு மானாப்புல் வெட்டவேண்டும். திட்டப் பணம் பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். பீலியில் தண்ணீர் பிடிப்பவர்கள்தான் பிறகும் கத்தி எடுத்துப் போவார்கள். மருந்தடிப்பவர்களுக்குத் தெரியும்படி கன்றருகே மூங்கில் குச்சி நட்டு வெள்ளை அடியுங்கள். களைக்கொல்லியில் கருகும் கன்றுகள் கொஞ்சமல்ல.

மண்ணில் வெடிப்பு விட்ட சரிவில் குழியே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களைப் புதைத்த மண்சரிவை நாம் மறக்கவில்லை. பிறந்த லயம் என்ற பாசம் ஆட்களை ஆபத்துக்குள் திரும்ப இழுக்கவும் செய்யும். வெடிப்பைக் கண்டால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

கடைசியாக, காகிதம். நிலம் பெரும்பாலும் அரசினுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். வளர்த்தவருக்கு மரத்தில் உரிமை ஏதும் இல்லை என்றால் பாசமும் சலித்துப்போகும். ஆகவே எல்லை எது, மருந்தடிக்காத பகுதி எது, விழும் கொப்பு யாருக்கு என்று மூன்றையும் எழுதி, தோட்ட நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு குழி வெட்டுங்கள். விறகுக்கென்று லயத்தருகே ஒரு துண்டில் கிளிசிரிடியாவும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.