கத்தரிக்கோலும் மூன்று வினாடியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மனத்தை வார்ப்பது பயிற்சியே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் என்ன சொல்லிவிட்டுப் போனார்? "ஆசிரியர் குணம் பிறவியிலேயே வருவது. பயிற்சியில் கற்றுத் தருவதெல்லாம் கத்தரிக்கோல் பிடிக்கவும் சார்ட் ஒட்டவும்தான்." நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியவர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, நானும் சார்ட் ஒட்டினேன். கற்பித்தல் பயிற்சியின் முதல் நாள். 40 நிமிடத்துக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். 11 நிமிடத்தில் பாடம் தீர்ந்துவிட்டது. மீதி 29 நிமிடம்? சார்ட்தான் கைகொடுத்தது. கழன்று விழுந்தது. ஒட்டினேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை, எத்தனை எண்ணுவதற்குள் விழும் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அன்று வகுப்பில் உருப்படியாக நடந்த கணக்குப் பாடம் அதுதான்!

கடைசி பெஞ்சிலிருந்த எங்கள் விரிவுரையாளர் குறிப்பேட்டை நீட்டினார். ஒரே வரி: "கேட்ட கேள்விகள் 14. பதில் சொன்னவர்: நீங்கள், 14."

பிறவிக் குணமாம்! நான் அப்படியே என் பழைய ஆசிரியரைப் போல நடத்தியிருக்கிறேன். பயிற்சிக்கு வருமுன்பே ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் கணக்குச் சொன்னார். எதிரணி "பிறவி" என்று சொல்வது அந்தப் பெஞ்சில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

விரிவுரையாளர் திட்டவில்லை. "கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோவ் என்ற கல்வியாளர் ஆராய்ந்து சொன்னார். நீங்கள் 3 வினாடி பொறுத்துப் பாருங்கள்" என்றார்.

மறுநாள் கேட்டேன்: "நண்பகலில் நிழல் ஏன் சின்னதாகிறது?" மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று... இரண்டு... நாக்கு துடிக்கிறது, பதிலைச் சொல்லிவிட! மூன்று. ஜன்னலோரம், அதுவரை வாயே திறக்காத சிறுமி எழுந்தாள். "அதற்கும் கால் சுடும் சார். அதனால் ஒடுங்கிக்கொள்கிறது."

பதில் தவறுதான். சூரியன் தலைக்குமேல் வருவதைப் பிறகு விளக்கினேன். ஆனால் அவள் உட்கார்ந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுத ஒன்றுமில்லை, சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். அதுவரை இந்த வேலை எனக்குச் சம்பளம் மட்டும்தான், ஐயா.

அந்த விரிவுரையாளர் இன்று இல்லை. 14 என்று எழுதிய தாள் மட்டும் என் பையில் இருக்கிறது. எதிரணித் தலைவரே, குறிப்பேட்டிலிருந்து அதைக் கத்தரிக்கோலால்தான் வெட்டி எடுத்தேன்.