விரைகால் அக்கிலிஸ் ஏன் உட்கார்ந்திருக்கிறான்?

[திரையில்: கரையில் இழுத்து நிறுத்திய கப்பல்கள்]

பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் போர்க் காவியம் இலியட், முதல் காண்டம், 488ஆவது வரி. கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னோன், தன் படை வீரன் அக்கிலிஸிடமிருந்து பிரிசெயிஸ் என்ற சிறைப்பெண்ணைப் பறித்துக்கொண்டான். அந்தக் கோபத்தில் போருக்குப் போகாமல் கப்பல்களின் அருகே உட்கார்ந்திருக்கிறான் அக்கிலிஸ். அடுத்த வரியிலேயே அவனைக் கவிதை எப்படி அழைக்கிறது தெரியுமா? 'விரைகால் அக்கிலிஸ்'.

உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு இந்த அடைமொழி? ஹோமரை மொழிபெயர்ப்பில் படிக்க ஆரம்பித்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். திரும்பத் திரும்ப அதே விரைகால், அதே ரோஜா விரல் விடியல். சலித்துப்போய்க் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அப்படித் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த வீடியோ.

சரி, முதலில் ஓசையைக் கேட்போம்.

[திரையில்: ஒரு வரி, அதன் மேல் நெடில் குறில் குறிகள்]

ஹோமரின் வரிக்கு ஆறு சீர். ஒரு சீர் என்றால் நெடில், குறில், குறில். இல்லையென்றால் இரண்டு நெடில். கடைசிச் சீருக்கு மட்டும் எப்போதும் இரண்டே அசை. நெடில் குறில் என்று இங்கே நான் சொல்வது எழுத்தை அல்ல, அசை இழுக்கும் நேரத்தை.

'பொதஸ் ஓகுஸ் அகில்லெயுஸ்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிரேக்கத்தில் விரைகால் அக்கிலிஸ் இதுதான். வரியின் கடைசியில் இந்த அளவுக்கு இடம் இருந்தால் பாடகர் இதை வைப்பார். இடம் குறைவா? அப்போது 'தீஒஸ் அகில்லெயுஸ்', தேவனுக்கு நிகரான அக்கிலிஸ். ஆள் ஒருவன்தான், மிச்சமிருக்கும் இடத்துக்குத் தக்கபடி பெயர் நீளும், குறுகும். கூட்டத்தின் முன்னால் அங்கேயே வரி கட்டிப் பாடுகிறவருக்கு யோசிக்க ஏது நேரம்? இந்தத் தொடர்கள்தான் அவருடைய கைமுதல்.

இப்படிப் பாட முடியுமா என்று நேரில் பார்க்கப் போனவர் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர். 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில், ஒற்றைத் தந்தி குஸ்லேயை வில்லால் இழைத்தபடி ஆயிரக்கணக்கான வரிகள் பாடும் நாட்டுப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு.

அப்புறம், எந்த மொழிபெயர்ப்பைப் படிப்பது? ஹோமரின் இன்னொரு காவியம் ஒடிசி. எமிலி வில்சன் 2017இல் வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஏறக்குறைய 20 முறை வரும் அந்த 'ரோஜா விரல் விடியல்' வரி ஒவ்வொரு தடவையும் வேறு சொற்களில் விடிகிறது. காதால் கேட்டவர்களுக்குத் தாளமாக இருந்தது, கண்ணால் படிப்பவர்களுக்குத் தேய்ந்த சொல்லாகிவிடும் என்பது அவர் கணக்கு. அது நியாயமான கணக்குதான். ரிச்மண்ட் லாட்டிமோரின் 1951 இலியட் இதற்கு நேர் எதிர்: அடைமொழிகள் மூலத்தில் வருகிறபடியே திரும்பத் திரும்ப வரும். இலியடுக்கு நான் லாட்டிமோர் பக்கம். காரணம், காவியத்தின் கடைசி வரி.

[திரையில்: இரவு, ட்ராய் நகர மதில்]

எதிரி நகரம் ட்ராயின் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸ், உடலைத் தேரில் கட்டிப் புழுதியில் இழுக்கிறான். நாள்கணக்கில் இழுக்கிறான். கடைசியில் கிழவர் பிரயாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்கே போய், மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு உடலைக் கேட்டு வாங்கி வருகிறார். ட்ராய் அழுகிறது, சிதை மூட்டுகிறது, எலும்புகளைப் பொன் பேழையில் வைக்கிறது. 15,000 வரிகளுக்கும் மேல் ஓடிய காவியம் ஒரே ஒரு அடைமொழியில் நிற்கிறது: 'ஹிப்பொதமொயொ'. குதிரைகளை அடக்குகிறவன். புழுதியில் குதிரைகள் இழுத்துப்போன ஹெக்டருக்குத்தான் அந்தப் பெயர்.